பன்னிரண்டு டிகிரி

வெள்ளிக்கிழமை ஆன்ஸ்கர்
குடுவையை வேறு குலுக்கியில் வைத்துவிட்டான்.
நான் கேட்டது முப்பத்தேழு. கிடைத்தது பன்னிரண்டு.
திங்கள் காலை லான் ஆற்றின் மேல் புகை,
ஏழாம் எண் பேருந்து மூச்சுவாங்கி மலையேற,
வந்து பார்த்தால்
சாகவில்லை. கலங்கியிருந்தது,
நொய்க்கஞ்சியின் தெளிவு போல.

கொட்டிவிடலாமா என்றான், காது சிவக்க.
கொட்டவில்லை. உடைத்தேன்.
சர்க்கரைக் கரைசலை அடர்த்தி குறையக் குறைய அடுக்கி
அதன் தலையில் சவ்வுக் கூழை ஊற்றி
எதிரெதிர்க் குழாய்களை மில்லிகிராம் பிசகாமல் நிறுத்து
பதினாறு மணி நேரம் சுழலவிட்டேன்.
நிமிடத்துக்கு முப்பத்தெட்டாயிரம் சுற்று;
காதுக்கு எட்டுவதோ
அடுத்த வீட்டு ஃபிரிட்ஜின் முனகல்தான்.

செவ்வாய் மதியம் இரண்டு பட்டை.
மேலே பழுப்பு மஞ்சள், உட்சவ்வு.
கீழே வெள்ளை, வெளிச்சவ்வு, கனம்.
மார்புர்க்கும் இப்படித்தான்:
மேல் நகரம், கீழ் நகரம்,
நடுவே அடிக்கடி பழுதாகும் ஒரு லிஃப்ட்.

தகட்டில் புள்ளி வைத்து, குளோரோஃபார்ம் ஏறி,
மாலிப்டினம் தெளித்ததும் நீலம் பூத்தது.
உச்சியில் கார்டியோலிப்பின், நான்கு வால்.
அடியில் இருப்பதன் பெயர்
பாஸ்ஃபாட்டிடைல்எத்தனோலமைன்;
சொல்லி முடிப்பதற்குள் ஏழாம் எண் போய்விடும்.
முக்கால்வாசி அதுதான்.
வெளிச்சவ்வின் தடத்தில் இன்னும் தடித்து,
மற்றவை அங்கே வெளிறிப்போய்.

ஆனால் அது வெளிச்சவ்வின் உள்முகம் மட்டும்.
வெளிமுகத்தில் அதற்கு இடமில்லை.
அங்கே ஆறு வால் கொழுப்பு, முதுகில் சர்க்கரை,
ஒன்றையொன்று தள்ளுவதை
மெக்னீசியம் கைகோத்து நிறுத்தியிருக்கும்.
வழிதவறி ஒரு பாஸ்ஃபோலிப்பிட் அங்கே நின்றால்
பிடித்து, ஒரு புரதத்தின் கையில் கொடுத்து
இடைவெளி கடத்தி
உள்ளேயே திருப்பியனுப்ப ஏற்பாடு உண்டு.

“வெளிநாட்டவர் அலுவலகம் மாதிரி இல்லையா?”
உணவறையில் ஃப்ரௌக்கெ,
முட்டைக்கோஸைக் குத்தியபடி.
இல்லை, அது வெறும் கொழுப்பு என்றேன்.
(தமிழில் சொல்லியிருந்தால்
அவளைத் திட்டியதாகியிருக்கும்.)

பொய். எனக்கும் தோன்றியதுண்டு.
பாட்டையே அகம், புறம் என்று பிரித்த மொழி எனக்கு.
அகத்தில் பெயர் சொல்லக் கூடாது.
புறத்தில் ஊரும் பேரும் முழங்கலாம்.
இதற்கும் வெளிச்சர்க்கரையின் நுனியில்
நீளமாய் ஒரு சங்கிலி உண்டு, அதுதான் பெயர்.
அதை வைத்தே இரத்தம்
இன்னாரென்று கண்டு அடிக்கும்.

எங்கள் வகைக்கு அது கிடையாது.
எப்போதோ, யாருடைய ஆய்வகத்திலோ,
ஒரு மரபணுவின் நடுவே
துண்டு டி.என்.ஏ. வந்து குந்திக்கொண்டது.
சங்கிலி நின்றது. ஒன்றும் ஆகவில்லை.
குடுவைக்குள் பெயரை யார் கேட்கிறார்கள்?

என் கதவில் ‘தெய்வசிகாமணி’ என்றிருக்கிறது.
அது அப்பா.
எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்,
நான் திரும்பிப் பார்க்கிறேன்.

புதன்கிழமை வால்களை வெட்டி அளந்தோம்.
நேரான வால் குறைந்து
முட்டி மடங்கிய வால் ஏறியிருந்தது.
நேரானவை குளிரில் நெருங்கி உறைந்துவிடும்.
மடங்கியதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடமிருக்கும்,
அந்த இடத்தில்தான் சவ்வு அசைகிறது.
வெளிமுகத்தின் ஆறு வாலிலும் ஒன்றை மாற்றியிருந்தது:
பன்னிரண்டு கார்பன் நேர்வாலுக்குப் பதில்
பதினாறில், நடுவே ஒடிந்த ஒன்று.

“அப்படியென்றால் நான் செய்தது தப்பில்லையே?”
தப்புதான், குறிப்பேட்டில் எழுது என்றேன்.

மீதிக் குடுவையை முப்பத்தேழுக்கு மாற்றினேன்.
அவை குளிர்கால வால்களைக்
கழற்றி எறிவதில்லை.
பெருகப் பெருக, புதியன சேரச் சேர,
பழையவை அருகிப்போகும்.
எத்தனையாவது தலைமுறையில்
கருவிக்குத் தெரியாமல் போகும் என்று
இன்னும் அளக்கவில்லை.

ஆன்ஸ்கர் குலுக்கியின் மேல் ஒரு சீட்டு ஒட்டினான்.
37. இரண்டு முறை அடிக்கோடு.
பசை குளிரில் பிடிக்கவில்லை;
மாலைக்குள் தரையில் கிடந்தது.